மதகும் மன்றமும்

(வலிகாமத்துக் கமக்காரர் சங்கமொன்றின் ஆண்டுக் கூட்டத்தில், பிரதேச சபைச் சேவையிலிருந்து இளைப்பாறிய ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்றைய கூட்டத்திலே "தமிழர் அரசியலின் எதிர்காலம்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு உங்கள் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். அத்தகைய பெரும் பொருள்பற்றிப் பேசுவதற்கு என்னிலும் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர். எனக்குத் தெரிந்தவை மதகு, ஒழுங்கை, தெருவிளக்கு, சந்தைக் குத்தகை, மயானம், வாசிகசாலை என்பனவே. இவற்றோடுதான் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. ஆகவே, இவற்றைப்பற்றியே பேச அனுமதி கேட்டேன். ஆயினும், பேசி முடிக்கும்போது உங்கள் செயலாளர் தந்த பொருளைவிட்டு நான் வெகுதூரம் விலகவில்லை என்பதை நீங்கள் உணர்வீர்கள் என நம்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கமக்காரர் நான் வேலைபார்த்த சபைக்கு ஒரு மனு எழுதினார். அரைத் தாள்தான். "ஒழுங்கை மதகு அடைபட்டுக் கிடக்கின்றது, கார்த்திகை மழை வெள்ளம் என் தோட்டத்தில் ஐந்து நாள் நின்றது, வெங்காயம் அழுகிவிட்டது, அடுத்த மாரிக்கு முன்னராவது மதகைத் துப்புரவு செய்து தருக" என்பதே அதன் சாரம். அவர் முதலில் அம்மனுவை எங்களிடம் கொண்டுவரவில்லை. பிரதேச செயலகத்திற்குக் கொண்டுசென்றார். அங்கிருந்தோர் கமநல சேவை நிலையத்திற்குப் போகச் சொன்னார்கள். கமநல சேவையினர் பிரதேச சபைக்கு அனுப்பினார்கள். சபையிலே அது என் மேசைக்கு வந்தது. ஒன்பது வாரம் என் மேசையிலே கிடந்தது. அக்குற்றத்தை நான் வேறெவர் தலையிலும் சுமத்த விரும்பவில்லை. அதற்கிடையில் அடுத்த மாரியும் வந்துவிட்டது. வெங்காயம் இரண்டாம் முறையும் அழுகியது.

பின்னர் ஒருநாள் பழைய கிராமசபைக் காலத்து வீதிப் பதிவேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அந்த ஒழுங்கையும் அதன் மதகும் சபைக்குரியவை என அதிலே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நான்கு தொழிலாளர் இரண்டு நாளில் வேலையை முடித்தனர். இரண்டு நாள் வேலைக்கு இரண்டு மாரி சென்றது. அதற்குக் காரணம் பணமின்மையன்று, சட்டத்தில் அதிகாரமின்மையுமன்று. எவருடைய மதகு அது என்பது எவருக்கும் தெரியாதிருந்ததே காரணம். எங்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்ற அதிகாரம் எது என்பதை நாம் அறியாதிருக்கின்றோம் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

யாருடைய வீதி?

இந்நாட்டிலே வீதிகள் எல்லாம் ஒரே உரிமையாளருக்கு உரியவை அல்ல. ஏ, பீ வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்திற்கு உரியவை. அவற்றிற்குக் கீழான உள்வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சிச் சபைக்கு உரியவை. வயலுக்கும் தோட்டத்திற்கும் செல்லும் கமப்பாதைகளும் நீர்ப்பாசன வாய்க்கால்களும் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. மழைநீருக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. அது ஒழுங்கையில் விழுந்து, வாய்க்காலில் ஓடி, பெருவீதியைக் கடந்து செல்கின்றது. ஆனால் மனு எழுதும் மனிதருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அதைப்போலவே, பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றென எண்ணுவோர் படித்தவர்களிடையேயும் பலர் உளர். இரண்டும் வேறு. பிரதேச செயலாளர் அரசாங்கம் நியமிக்கின்ற உத்தியோகத்தர். கிராம அலுவலர் அவருக்குக் கீழ்ப்பட்டவர். அவர்களை நீங்கள் தெரிவுசெய்வதில்லை, விலக்குவதுமில்லை. பிரதேச சபையோ உங்கள் வாக்கினால் உண்டாவது. அதன் தவிசாளரும் உறுப்பினரும் உங்கள் படலைக்கு வந்து வாக்குக் கேட்டவர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கூடச் சபையின் ஊழியர் அல்லர். அவர் சுகாதாரத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியாதவனுக்கு எல்லாக் கதவும் மூடியிருப்பதாகவே தோன்றும்.

வந்த வழி

இச்சபைகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி அப்பாற் செல்கின்றேன். கமத்தொழில் வழக்கங்களையும் நீர்ப்பங்கீட்டையும் கிராமத்தவரே ஒழுங்கு செய்துகொள்வதற்கு 1871ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆட்சி ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. கிராமச் சங்கங்களும், பின்னர் கிராமசபைகளும் அந்த வழியிலே வளர்ந்தன. 1946ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால் சிறு நகரங்களுக்குப் பட்டினசபைகள் கிடைத்தன. 1981ஆம் ஆண்டிலே, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது, கிராமசபைகளும் பட்டினசபைகளும் ஒருங்கே ஒழிக்கப்பட்டன. கிராமத்திற்கு மிக அண்மையிலிருந்த மன்றம் மறைந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் தோற்றுவிக்கப்பட்டு, 1988ஆம் ஆண்டு தை மாதம் முதல் நடைமுறைக்கு வந்தன.

எங்கள் பகுதிக்கு அந்தச் சட்டம் நெடுங்காலம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. போர்ச் சூழலில் 1998ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. பிரதேச சபைகளுக்கு அடுத்த தேர்தல் 2011இலே வந்தது, அதன்பின்னர் 2018இலே. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை எனக் கூறி நடத்தப்படவில்லை. அம்மாதம் 19ஆந் திகதி நள்ளிரவோடு சபைகளின் காலம் முடிந்தது. ஈராண்டுக்கு மேலாக உறுப்பினரில்லாத சபைகளை உத்தியோகத்தர்களே நடத்தினர். தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என உயர்நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு ஆவணியிலே தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி தேர்தல் நடந்தது.

அந்த ஈராண்டு இடைவெளியில் வீதியிலே இறங்கி "எங்கள் சபை எங்கே?" என்று கேட்ட கிராமம் எத்தனை? கொழும்பிலே வழக்குத் தொடுத்தார்கள். நாங்கள் செய்தித்தாளிலே வாசித்தோம். 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண சபையின் காலமும் முடிந்து, ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தது. அக்காலத்திலே பாராளுமன்றத்தைத் தவிர எங்கள் மக்களுக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட மன்றமாக எஞ்சக்கூடியது இதுவொன்றே. அதையும் இழந்திருந்தோம், இழந்தோம் என்ற உணர்ச்சிகூட எம்மிடம் பெரிதாக எழவில்லை. இதுவே என் மனத்தை வருத்துவது.

மாதத்தில் ஒரு நாள்

சபையின் கடமையைச் சட்டம் மூன்று தலைப்பில் அடக்குகின்றது: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள். அத்தோடு, தன் எல்லைக்குள் வாழும் மக்களின் வசதியையும் நலனையும் பேணுதல். நடைமுறையிலே இதன் பொருள் என்ன? குப்பை அகற்றல், தெருவிளக்கு, வடிகால், பொதுக்கிணறு, சந்தை, மயானம், விளையாட்டிடம், வாசிகசாலை, முன்பள்ளி, சில இடங்களிலே இலவச சித்த ஆயுர்வேத மருந்தகம், கட்டிட அனுமதி, வியாபார உரிமம், டெங்கு நுளம்பு ஒழிப்பு. பிறந்த குழந்தையை முன்பள்ளிக்கு அனுப்பும் நாள் தொடக்கம் சுடலைக்குக் கொண்டுசெல்லும் நாள்வரை மனிதனுக்கு இச்சபையோடு தொடர்பு அறுவதில்லை.

சபை மாதம் ஒருமுறையேனும் கூடவேண்டும். அது மறைவறைக் கூட்டம் அன்று. பொதுமக்கள் சென்று அமர்ந்து கேட்கலாம். என் சேவைக் காலத்தில் பார்வையாளர் வாங்கிலே நான் கண்டவர்கள் மிகச் சிலர். அவர்களுள்ளும் பாதிப்பேர் தத்தம் அனுமதிப் பத்திரத்திற்காகக் காத்திருந்தவர்கள்.

அங்கே நடப்பதையும் மனம் திறந்து சொல்கின்றேன். நாட்டு நடப்புப்பற்றிய கண்டனத் தீர்மானம் ஒன்று வந்தால் இரண்டு மணி நேரம் விவாதம் நடக்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் பேசுவர். அடுத்த நாள் பத்திரிகையிலே பெயர் வரும். அக்கண்டனங்கள் வேண்டாதவை என நான் கூறவில்லை. எங்கள் மக்களுக்கு நேர்ந்தவற்றை எங்கள் மன்றம் பேசாவிடின் வேறெந்த மன்றம் பேசும்? ஆனால், அதே நாளிலே வடிகால் திருத்தச் செலவு, வாசிகசாலை நூற்கொள்வனவு, குத்தகைக் கேள்வி என்பன இரண்டு நிமிடத்தில் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று கூட்ட அறிக்கையில் எழுதப்படும். அந்தப் பேனையைப் பிடித்தவன் நான். அவ்வாறு எழுதும்போதெல்லாம், கேள்வி கேட்க ஒருவராவது எழமாட்டாரா என்று உள்ளூர ஏங்கியிருக்கின்றேன்.

வரிகொடுப்போன் உரிமை

கேள்வி கேட்கும் உரிமை வரி கொடுப்பதோடு உறுதிபெறுகின்றது. சபையின் பணம் எங்கிருந்து வருகின்றது? நாங்கள் சோலைவரி என்று அழைக்கின்ற ஆதனவரி, சந்தைக் குத்தகை, உரிமக் கட்டணம், காணி கைமாறும்போது செலுத்தும் முத்திரைக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம் என்பன முக்கியமானவை. ஊழியர் வேதனத்திற்கு மாகாணத்தின் வழியே உதவி வருகின்றது. ஆகவே, மதகுக்கும் விளக்குக்கும் உரிய பணத்தை ஊரே தேடவேண்டும்.

ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி 10,000 ரூபா என்றும், வரி 8 வீதம் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 800 ரூபா. மாதம் 67 ரூபா. தேநீர்க் கடையிலே ஒரு தேநீருக்கும் ஒரு வடைக்கும் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கின்றோம். தை மாதம் 31ஆந் திகதிக்கு முன்னர் முழு ஆண்டுக்கும் செலுத்துவோருக்கு 10 வீதம் கழிவும் உண்டு. காலாண்டின் முதல் மாதத்தில் அக்காலாண்டுக்குச் செலுத்தினால் 5 வீதம். இருந்தும், நிலுவைப் பதிவேடு எப்பொழுதும் தடித்தே இருக்கும். நிலுவை வைத்தவர்கள் ஏழைகள் மட்டும் அல்லர். மாடிவீடு கட்டிப் பூட்டிவிட்டுக் கடல் கடந்து வாழ்பவர்களும், கொழும்பிலே உத்தியோகம் பார்ப்பவர்களும் அப்பதிவேட்டில் இருந்தனர். தேருக்கு இலட்சம் கொடுப்பவர் தெருவுக்கு எண்ணூறு கொடுப்பதில்லை.

வரி மதிப்பீடு கூடிவிட்டது என்று கருதுவோர் அறிவித்தலில் குறித்த காலத்திற்குள் எழுத்திலே ஆட்சேபம் தெரிவிக்கலாம். அது சட்டம் தந்த உரிமை. ஆட்சேபிப்பது கௌரவமான செயல். கொடாமலும் ஆட்சேபியாமலும் இருப்பது, கேள்வி கேட்கும் வாயை நாமே கட்டிக்கொள்வதாகும்.

சந்தையிலே போகும் பத்துக் கிலோ

கமக்காரப் பெருமக்களே, இனி உங்களுக்கு நேரே உறைக்கும் விடயத்திற்கு வருகின்றேன். நீங்கள் நூறு கிலோ கத்தரிக்காயைச் சந்தைக்குக் கொண்டுபோனால், "கழிவு" என்று சொல்லிப் பத்துக் கிலோவை நிறுவையிலே தள்ளிவிடும் வழக்கம் எங்கள் சந்தைகளிலே நெடுங்காலமாக இருந்துவந்திருக்கின்றது. இதற்கெதிராகச் சபைகள் சில தீர்மானம் நிறைவேற்றியதும், பின்னர் அவ்வழக்கம் வேறு பெயரில் தலைதூக்கியதும் நீங்கள் அறிந்ததே.

சந்தை சபையின் சொத்து. அதைக் குத்தகைக்கு விடும்போது நிபந்தனைப் பத்திரம் எழுதப்படுகின்றது. "கழிவு எடுத்தல் ஆகாது, முத்திரையிட்ட தராசே பயன்படுத்தல் வேண்டும், மீறினால் உரிமம் இரத்தாகும்" என்னும் மூன்று வரி அந்த நிபந்தனையிலே இடம்பெற வேண்டும். ஆண்டு முடிவதற்கு முன்னர், கேள்வி கோரும் காலத்திலே, உங்கள் சங்கம் தீர்மானம் எழுதிச் சபைக்கு அனுப்பவேண்டும். அறுவடை முடிந்து, தராசடியிலே நின்று சண்டையிடுவதால் ஆவது ஒன்றுமில்லை. தை மாதத்துச் சண்டையை ஐப்பசி மாதத்துக் கடிதம் தடுக்கும்.

நிலத்தடி நீர்

எங்கள் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளத்தை அராலிக் கடலுக்குக் கொண்டுசெல்கின்றது. அதுவும் பல சபைகளின் எல்லையைக் கடந்தே ஓடுகின்றது. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் மழைநீர் இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கின்ற நன்னீரே எங்கள் கிணறுகளின் உயிர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். அளவுக்கு மிஞ்சி உரமிட்டாலும், மலகூடக் குழி கிணற்றை நெருங்கினாலும் நைத்திரேற்று நீரிலே கலக்கும். குடிநீரிலே லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. வலிகாமத்தின் கிணறுகள் பலவற்றிலே அந்த எல்லை தாண்டியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கே இதனால் முதல் ஆபத்து.

இதிலே சபைக்கு என்ன வேலை? இரண்டு பரப்புக் காணியிலே வீடு கட்ட ஒருவர் வரைபடம் கொண்டுவருகின்றார். கிணற்றுக்கும் குழிக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பார்த்து அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் சபை. அயலவரின் கிணற்றையும் அந்த வரைபடத்திலே குறித்திருக்கின்றாரா எனக் கேட்கவேண்டியதும் சபை. உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில், "எங்கள் ஆள், பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லும்போது, அவர் தம் வாக்காளருக்கு உதவுவதாகவே எண்ணுகின்றார். உண்மையிலே அயல்வீட்டுக் குழந்தையின் தண்ணீரைப்பற்றி முடிவு செய்கின்றார். அத்தகைய அழைப்புக்கு மறுப்புச் சொல்ல உத்தியோகத்தனுக்குத் துணிவு வேண்டும். ஊர் தன் பின்னால் நிற்கின்றது என்ற நம்பிக்கையிலிருந்தே அந்தத் துணிவு பிறக்கும்.

குளங்களும் அப்படியே. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களையும் கேணிகளையும் எங்கள் முன்னோர் தோண்டிவைத்தனர். அவை மழையைப் பிடித்து நிலத்திற்குள் இறக்கும் வாசல்கள். அவற்றிலே குப்பை கொட்டுவோரும், கரையை அரக்கி மதில் கட்டுவோரும் வேற்றூரார் அல்லர்.

படித்தோருக்கு ஒரு வேண்டுகோள்

இச்சபையிலே பல கற்றறிந்தோர் அமர்ந்திருக்கின்றீர்கள். உங்களுக்கு ஒரு செய்தி. சபை அமைக்கும் குழுக்களிலே உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகின்றது. நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழினுட்ப சேவை, சுற்றாடலும் வசதிகளும் என நான்கு குழுக்களைச் சட்டமே குறிப்பிடுகின்றது. இளைப்பாறிய பொறியியலாளர் ஒருவர் தொழினுட்பக் குழுவிலே இருந்தால், மதகின் மட்டம் பிழை என்பதைச் சீமெந்து இறுகுமுன் சொல்வார். கணக்காளர் ஒருவர் நிதிக் குழுவிலே இருந்தால், வரவுசெலவுத் திட்டத்திலே வெறும் நம்பிக்கையாக எழுதிய வருமானத்தை அடையாளம் காண்பார். மாதத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். "அரசியல் எமக்கு வேண்டாம்" என்று ஒதுங்குகின்றீர்கள். நீங்கள் ஒதுங்கிய இடம் வெறுமையாக இருப்பதில்லை. அதில் வேறொருவர் அமர்கின்றார்.

பெண்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து உறுப்பினரிலே நாலிலொரு பங்கு பெண்களாக இருத்தல் வேண்டுமென்பது சட்டம். கிணற்றடியின் நிலையும் முன்பள்ளியின் நிலையும் எவருக்கு நன்கு தெரியுமோ அவர்கள் மன்றத்திலே வாய் திறக்கவேண்டும். பட்டியலை நிரப்புவதற்கு மட்டும் பெயர் கேட்கும் கட்சிக்கு இணங்காதீர்கள்.

சபையிடம் தகவல் கேட்பதற்கும் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு. வீதியொன்றின் மதிப்பீடு என்ன, எவர் ஒப்பந்தம் பெற்றார், எவ்வளவு கொடுக்கப்பட்டது என எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் அறிவிக்கவேண்டும். கடிதம் எழுதத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கிராமத்துக்கு இருந்தாற் போதும்.

பெரியோர்களே! 1956ஆம் ஆண்டு தொடக்கம் எங்கள் மொழிக்காகவும் எங்கள் நிலத்தை நாங்களே ஆளும் உரிமைக்காகவும் இந்த மக்கள் கொடுத்த விலை எத்தகையது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இங்கே அமர்ந்திருக்கின்ற ஒவ்வொரு குடும்பமும் அந்தக் கணக்கிலே தன் பங்கைச் செலுத்தியிருக்கின்றது. கேட்ட உரிமை முழுவதும் இன்னும் கிடைக்கவில்லை. கேட்பதை நாம் நிறுத்தவும் வேண்டாம். ஆனால், ஒரு கமக்காரர் தமிழிலே மனு எழுதி, அது தமிழிலே விவாதிக்கப்பட்டு, தமிழிலே முடிவு எழுதப்படும் மன்றமொன்று எங்கள் ஊரிலேயே இருக்கின்றது. அதிலே பார்வையாளர் வாங்கு வெறுமையாகக் கிடக்கின்றது. பெரிய உரிமையைத் தரமறுப்போர், "சிறிய உரிமையை இவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டால், நாம் காட்டக்கூடிய விடை அடைபட்ட மதகாக இருத்தலாகாது.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு உங்கள் சங்கத்திலிருந்து இருவர் போகட்டும். ஒன்றும் பேசவேண்டாம், அமர்ந்து கேட்டாற் போதும். மறுமாதம் வேறிருவர் போகட்டும். போகும்போது ஊரிலுள்ள ஒழுங்கை, மதகு, குளம், பொதுக்கிணறு ஆகியவற்றின் பட்டியலொன்றைக் கொண்டுபோய், சபையின் பதிவேட்டோடு ஒப்புநோக்கும்படி கேளுங்கள். இரண்டு மாரி வெங்காயத்தை இழந்த அந்தக் கமக்காரருக்கு நான் பட்ட கடனை அதனாலே ஓரளவு தீர்த்தவனாவேன்.

ஐப்பசி மழைக்கு முன்னர் இதைச் செய்து முடியுங்கள்.